முன்வாசல் மணி

எங்கள் ஆட்களுக்குப் பழைய வீடு என்றால் பழைய சோறு மாதிரி. வேறு வழியில்லாதவர்தான் கை வைப்பார் என்று நினைப்பு. ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம் நகரில் இரட்டைக் கராஜ் வைத்த வீட்டை விற்றுவிட்டு, நகரத்துக்குள் பார்க்டேலில் பாதி வீடு வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, உறவுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, கொஞ்சம் குதூகலமும் இருந்தது.

"பாதி வீடோ? மற்றப் பாதி எங்கை?" என்று ஓர் அன்ரி கேட்டார்.

மற்றப் பாதியில் வேறு ஆள் இருக்கிறார் என்று சொன்னேன். ஒரே கூரை, ஒரே செங்கல் முகப்பு, நடுவில் ஒரு பொதுச் சுவர், அதற்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசிப் பகுதியில் ரொறன்ரோவில் இப்படித்தான் தெருத்தெருவாகக் கட்டினார்கள். அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டு, "எண்டாலும் பாதிதானே" என்றார். அவரோடு வாதாடி வெல்ல முடியாது.

அந்த வீட்டைக் கட்டினவனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். காணி ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. பக்கச் சுவர்களில் ஒன்று அடுத்த வீட்டோடு ஒட்டியது, மற்றதற்கு எதிரே கையெட்டும் தூரத்தில் இன்னொரு சுவர். முன்னறைகளுக்கு வெளிச்சம் வர இருப்பதெல்லாம் தெருப்பக்கம் மட்டுமே. என்ன செய்தான்? முகப்பின் ஒரு பகுதியைக் கீழிருந்து மேல்மாடி வரை மூன்று பக்கமாக வெளியே தள்ளி, மூன்று பக்கத்திலும் உயரமான யன்னல் வைத்தான். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை ஏதாவது ஒரு யன்னல் சூரியனைப் பிடித்துவிடும். அதற்கு மேலே கூரையைக் கூராக எழுப்பி, விளிம்பில் சரிகை மாதிரி மரத்தை வெட்டிப் பொருத்தினான். சுவருக்குச் சிவப்புச் செங்கல், மூலைகளுக்கும் யன்னல் வளைவுகளுக்கும் வெளிர்மஞ்சள் செங்கல். இரண்டும் இந்த ஊர் மண்தான். ஒரு மண் சுட்டால் சிவக்கிறது, இன்னொன்று மஞ்சளாகிறது. அதைக்கூட வீணாக்காமல் அழகுக்குப் பாவித்திருக்கிறான்.

என் கணவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அவர் வீடுகளுக்குச் சூட்டுக்காற்று அனுப்பும் ஃபேர்னஸ் பூட்டித் திருத்துகிற வேலை செய்பவர். முப்பது வருடமாக மற்றவர்களின் பேஸ்மென்ற்களில் முழங்காலில் நின்று பழகியவருக்கு, வீடு என்றால் குழாயும் காற்றும் கசிவும்தான். முன்கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடி பதித்த யன்னலை நான் அவருக்குக் காட்டினேன். அவர் கையை அதன் ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "குளிர் வருது" என்றார்.

ஆனாலும் அவர் சம்மதித்தார். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு வின்டர். ஒரேயொரு வின்டர் இருந்து பாப்பம். ஏப்ரலிலை எனக்கு மனம் ஒப்பேல்லை எண்டால், வித்துப்போட்டு வடக்கை ஸ்ரௌவ்விலிலை புது வீடு எடுத்துப் போறம். சரியோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்கு அந்த வீடு ஏன் வேண்டியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் அதை முதலில் கண்டது விற்பனைப் பலகையோடு அல்ல. அகதியாக வந்த புதிதில், இருபத்திரண்டு வயதில், அதே வீட்டின் பின்பக்க மாடியறையில் வேறு இரண்டு பெண்களோடு இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். அப்போதைய சொந்தக்காரர் வீட்டை அறை அறையாகப் பலகைச் சுவர் வைத்துப் பிரித்து, எங்களைப் போல வந்தவர்களுக்குக் கொடுத்திருந்தார். முன்பக்க அறைகளில் அவர் இருந்தார். வாடகைக்கு இருப்போர் பின்வாசலைப் பாவிக்க வேண்டும் என்று கைப்பட எழுதி மதிலில் ஒட்டியிருந்தார்.

நாங்கள் குப்பைத்தொட்டிகள் நிற்கும் பின் ஒழுங்கையால் வந்து, சமையலறைக்குப் பக்கத்திலிருந்த ஓர் இருட்டுப் படிக்கட்டால் மேலே ஏறுவோம். ஒடுங்கிய படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். சாமான் பையோடு ஏறினால் தோள் இரண்டு பக்கமும் சுவரில் உரசும். முன்பக்கத்தில் அகலமான நல்ல படிக்கட்டு இருக்க, இதை எந்த மடையன் கட்டினான் என்று அப்போது திட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அது வேலைக்காரப் பெண்ணுக்கென்று கட்டியது. அவள் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மேலே போய்வர வேண்டும்.

வீட்டை வாங்கிய பிறகு நூலகத்தில் போய்ப் பழைய ஊர் விவரப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். தெருத்தெருவாக, வீட்டிலக்கம் போட்டு, யார் இருந்தார், என்ன தொழில் என்று அவற்றில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இலக்கத்துக்கு நேரே முதலில் ஒரு தொப்பி வியாபாரி, பிறகு ஒரு விதவை, அதற்குப் பிறகு ஒரு ரயில்வே எழுத்தர். படிக்கட்டைத் தேய்த்த பெண்ணை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. இருந்த இரண்டு வருடத்தில் என் பெயரும் அந்த வீட்டின் எந்தக் கடதாசியிலும் ஏறியதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்காகவும்தான்.

அந்தக் காலத்தில் வீட்டின் முன்பக்கத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து முன்கூடத்துக்குப் போகும் கதவை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வீடு மேற்குப் பார்த்தது. வெயிலுள்ள நாட்களில், பின்னேரத்தில், அந்தக் கதவின் அடி இடுக்கால் ஒரு சிவப்பு வெளிச்சம் வந்து சமையலறைத் தரையில் விழும். ஓரத்தில் கொஞ்சம் பச்சை. எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணி கொதிக்கும் வரை என் கால் பெருவிரலை அதில் வைத்துக்கொண்டு நிற்பேன். சில நாட்களில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்கும். மின்மணி அல்ல, சைக்கிள் மணியை நீட்டி இழுத்தது போல ஒரு கிணுகிணுப்பு. சொந்தக்காரரின் விருந்தாளிகள் முன்கதவில் திருகுகிற மணி. எங்களைத் தேடி வருகிறவர்கள் ஒழுங்கையில் நின்று கூப்பிடுவார்கள்.

கல்யாணம் செய்து மார்க்கம் போன பிறகும், நகரத்துக்கு வருகிற நேரங்களில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பேன். வீடு கைமாறியது, பிறகும் கைமாறியது. ஒரு நாள் விற்பனைப் பலகை தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த முன்கதவால் உள்ளே போய், திரும்பவும் யாரும் என்னை வெளியே போகச் சொல்லாமல், அங்கேயே இருந்துவிட வேண்டும்.

ஒக்ரோபரில் புதுமனை புகும் குடிபூரல் வைத்தோம். ஸ்காபரோவிலிருந்து வந்த ஐயருக்கு அன்று காலை இன்னும் இரண்டு வீடு இருந்தது. இந்த நாட்டில் புது வீடுகளில் ஹோமம் என்றால் பெரிய தொல்லை. புகைக்கு அலாரம் அடிக்கும் என்று அதைக் கழற்றி, யன்னல்களைத் திறந்து, அலுமினியத் தட்டில் நாலு குச்சி வைத்து ஒப்பேற்றுவோம். எங்கள் முன்னறையிலோ கருங்கல் சட்டம் போட்ட கணப்பு அடுப்பு ஒன்று இருந்தது. பழைய காலத்தில் விறகும் கரியும் எரித்து அறையைச் சூடாக்கிய இடம். அதற்கு மேலே சுவருக்குள் புகைக்கூண்டு கூரை வரை போகிறது.

"ஐயா, தட்டை உதுக்குள்ளை வைப்பம். சிம்னி இழுக்கும்" என்றார் என் கணவர்.

ஐயருக்கு முகம் மலர்ந்தது. "கனடாவிலை நெருப்புக்கெண்டு இடம் வச்ச வீட்டை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார்.

அன்று அந்த வீடு எனக்குப் பெருமை தேடித் தந்தது. நெய்யை ஊற்ற ஊற்ற நெருப்பு எழும்பியது, அறைக்குள் ஒரு துளி புகை இல்லை. எல்லாம் உள்ளே இழுபட்டு மேலே போனது. பாதி வீடோ என்று கேட்ட அன்ரியே, "பழைய ஆக்கள் விஷயகாரர்தான்" என்று ஒத்துக்கொண்டார். கணவர் கையைக் கட்டிக்கொண்டு, தானே கட்டிய மாதிரி நின்றார். நான் மனதுக்குள் ஏப்ரலைத் தாண்டிவிட்டேன்.

அப்போது தெருவில் சைரன் கேட்டது.

எங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு. மற்றப் பாதியில் இருந்தவர் ஒரு போர்த்துக்கேய விதவை, எழுபது வயது இருக்கும். அவருடைய முன்னறை முழுக்கப் புகை. வீட்டுச் செருப்போடு ஓடி வந்து, கையில் அரைகுறையாகப் பொரித்த மீன் சட்டியோடு தெருவில் நின்றார். ஏன் சட்டியைத் தூக்கி வந்தார் என்று அவருக்கே தெரியாது. தீயணைப்புக்காரர்கள் அங்கே நெருப்பைத் தேடிக் காணாமல், புகை மணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கதவுக்கு வந்தார்கள். பெரிய சப்பாத்துகளோடு கோலத்தின் மேல் நின்றார்கள். அணையுங்கள் என்றார்கள். ஹோம நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அன்ரி அழத் தொடங்கினார். கடைசியில் கணவர் இரண்டு சாக்கை மடித்துக் கையில் சுற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் இறங்கினார். ஐயர் மந்திரத்தை விடாமல் பின்னால் போனார். பின்வளவில், பக்கத்து வீட்டின் முந்திரிகைக் கொடிப் பந்தல் ஓரத்தில் வைத்துப் பூரணாகுதி முடிந்தது.

எல்லாரும் பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குடிபூரல் பின்கதவால் வெளியே போய்விட்டது என்று குளியலறைக்குள் நின்று அழுதேன்.

அடுத்த நாள் கணவர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் கரி. இரண்டு வீட்டுக்கும் வெளியே தெரிவது ஒரே புகைக்கூண்டு. உள்ளே இரண்டு பாதை, நடுவில் ஒரே ஒரு செங்கல் தடிப்பில் சுவர். அந்தச் சுவரில் சாந்து உதிர்ந்து கை போகுமளவுக்கு ஓட்டை. எங்கள் பாதையின் மேல்வாயை யாரோ கல் வைத்து மூடியிருக்கிறார்கள். அந்த நேரம் அந்த அம்மா மீன் பொரிப்பதற்காகச் சமையலறையில் புகையை வெளியே இழுக்கும் காற்றாடியைப் போட்டிருக்கிறார், அது அவருடைய பாதை வழியாக எங்கள் புகையைக் கீழே இழுத்திருக்கிறது. அதுதான் அவ்வளவு அழகாக இழுபட்டது.

"நான் மற்ற ஆக்களுக்குச் சொல்லுறனான், சிம்னியைப் பாக்காமல் நெருப்பு வைக்காதேங்கோ எண்டு" என்றார். "என்ரை வேலையாக்கள் அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?"

வெட்கத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். மிஞ்சிய வடையையும் பொங்கலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு பாதையையும் தானே திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். நவம்பர் முழுக்கச் சனி ஞாயிறுகளில் அங்கேதான் கிடந்தார். இரண்டு பாதைக்குள்ளும் இரும்புக் குழாய் இறக்கினார். அந்த அம்மா வடைக்கு மயங்கி, மீன் சூப் கொடுத்து அனுப்பினார். நாங்கள் ஹோமம் செய்ததை, அவர்களுடைய பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பது போல என்று அவர் தானாகவே விளங்கிக்கொண்டார்.

"அங்கை எல்லாம் மாறிக் கிடக்குது" என்று கணவர் வந்து சொன்னார். "ஒவ்வொரு முறையும் லைற் சுவிச்சைப் பிழையான சுவரிலை தடவுறன்."

நானும் போய்ப் பார்த்தேன். தலை சுற்றியது. எங்கள் வீடுதான், ஆனால் இடது வலமாகி. எங்கள் முன்னறைக் கூரையின் நடுவில் எப்போதோ உடைந்துபோய் வெறுமையாக இருந்த இடத்தில், அங்கே சுண்ணச் சாந்தில் செய்த இலையும் ரோசாவுமாக ஒரு பெரிய வட்டம் அப்படியே இருந்தது. ஒரு இதழ்கூட உடையவில்லை. நான் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றேன். அந்த அம்மாவின் முகப்பிலிருந்த மரச் சரிகையை, காலமான அவருடைய கணவர் புது அலுமினியத்தால் மூடுவதற்காகக் கழற்றி எறிந்துவிட்டாராம். எங்கள் பக்கத்துச் சரிகையைக் காட்டி அந்த அம்மா, எனக்கும் இப்படி இருந்தது என்று பெருமூச்சு விட்டார். அவர் தொலைத்தது எங்களிடம் இருந்தது, நாங்கள் தொலைத்தது அவரிடம் இருந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டினவன் மனதில் இருந்த வீடு தெரிந்தது.

டிசெம்பரில் இன்னொன்று நடந்தது. காற்றுக்குழாய் ஒன்றைக் கொண்டுபோவதற்காக, கணவர் முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையிலிருந்த சுவரை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் அறுக்கும் வாளின் சத்தம் நின்றுவிட்டது.

"இஞ்சை ஒருக்கா வாரும்" என்றார். குரல் மாறியிருந்தது.

சுவருக்குள் ஒரு கதவின் விளிம்பு தெரிந்தது. பித்தளைப் பிடியோடு. பலகையை உடைத்து இழுத்தோம். முனகிக்கொண்டு, சுவருக்குள்ளிருந்து ஆளை விட உயரமான ஓக் மரக் கதவு ஒன்று நகர்ந்து வந்தது. எதிர்ச்சுவருக்குள் அதன் சோடி. வேண்டும்போது இரண்டையும் இழுத்து மூடலாம், வேண்டாதபோது சுவருக்குள் தள்ளிவிட்டால் இரண்டு அறையும் ஒரே மண்டபம். எத்தனையோ பேர் அந்த வீட்டில் அறை போதாமல் அவதிப்பட்டிருக்க, இவ்வளவு நல்ல கதவு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. கணவர் ஏணியில் ஏறி மேலே கதவுகள் உருளும் தண்டவாளத்தை ரோச் லைற் அடித்துப் பார்த்தார்.

"சில்லு ஒண்டும் தேயேல்லை" என்றார். "உவங்கள் சும்மா ஆக்களில்லை."

இனி விற்கமாட்டார் என்று எனக்கு ஆசை வந்தது. ஆனால் ஏணியால் இறங்கியதும், "எண்டாலும் ஸ்ரௌவ்விலிலை உந்த வேலை ஒண்டும் இல்லை" என்றார்.

ஜனவரியில் சண்டை பிடித்தோம். மேற்கிலிருந்து குளிர்காற்று அறைந்த ஒரு வாரம். முன்கதவின் நடுவில் இருந்த மணியின் துவாரத்தால் காற்று விசிலடித்தது. அந்த மணி ஒரு பித்தளைத் திருகி. வெளியே வண்ணாத்திப் பூச்சி இறகு போன்ற பிடி, உள்ளே கிண்ணம் மாதிரி மணி. பல தடவை பெயின்ற் பூசி, திருகினாலும் அசையாமல் இறுகிக் கிடந்தது. நான் வேலையால் வர, கணவர் அதைக் கழற்றி, ஓட்டையில் பஞ்சு அடைத்து, மேலே வெள்ளி நிற ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீங்கள்? மணி எங்கை?"

"எங்கையோ வச்சனான். உது அடிக்கவே இல்லையே."

"அடிக்காட்டிலும் பரவாயில்லை. அது அங்கை இருக்க வேணும்."

"உமக்கு இந்த வீட்டிலை வந்து விசர் பிடிச்சிட்டுது" என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த மணிச் சத்தத்தைப் பற்றி அவருக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மார்ச்சில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணர், வீடு விற்று வாங்கிக் கொடுக்கிறவர், எங்களை ஸ்ரௌவ்விலுக்கு ஏற்றிக்கொண்டு போய் ஒரு புது வீடு காட்டினார். பொய் சொல்லக்கூடாது, நல்ல வீடு. சுவர் எல்லாம் நேர், தரை அசையவில்லை, எங்கேயும் குளிர் இல்லை. கராஜிலிருந்து நேரே சமையலறைக்குள் போகலாம். கணவர் அங்கே ஜக்கெற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பார்க்டேலில் அவர் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே சுவெற்றர் போட்டிருந்தவர். வாக்குக் கொடுத்தது நான்தான்.

ஏப்ரல் வந்தது. எங்கள் வீட்டை விற்பனைக்குப் போடும் கடதாசிகளோடு அண்ணை ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் அரை நாள் லீவு எடுத்து வீட்டைக் கூட்டினேன். விற்கப் போகிற வீட்டை ஏன் கூட்டினேன் என்று தெரியாது. படிக்கட்டின் கைபிடியைத் துடைத்தேன். அது மேலிருந்து கீழ் வரை வளைந்து வளைந்து வருகிறது, ஒட்டிய இடம் எங்கேயென்று விரலுக்குத் தெரியாது. நாங்கள் வந்த முதல் கிழமையே நான் ஆணி பிடுங்கித் திறந்த சமையலறைக் கதவு திறந்தபடி இருந்தது. வெயில் இறங்கி, முன்கதவுக்கு மேலிருந்த கண்ணாடியின் சிவப்பு முன்கூடத்தில் நீண்டு, சமையலறை வாசல் வரை வந்தது. நான் துணியோடு அதில் நின்றேன். இனி இதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது மணி அடித்தது.

அண்ணை எப்போதும் காருக்குள் இருந்து போன் பண்ணுகிறவர். இது அந்தச் சத்தம். ஆணியடித்த கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வருடம் கேட்ட அதே கிணுகிணுப்பு. துணியோடேயே போய்த் திறந்தேன்.

கணவர் வேலைப் பையோடு படியில் நின்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பின் ஒழுங்கையில் வேலை வான் வண்டியை விட்டுப் பின்கதவால் வருகிற மனிதர். கதவின் நடுவில் பித்தளை பளபளத்தது. பெயின்ற் எல்லாம் சுரண்டியிருந்தது. நான் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மணியைப் பூட்டியிருக்கிறார்.

"இஞ்சை முன்னாலை நிண்டு என்ன செய்யிறியள்?"

"மணி அடிக்குதோ எண்டு பாத்தனான். சுருள்வில் உடைஞ்சு போய்க் கிடந்தது. அளவானது தேடி எடுக்க இவ்வளவு நாள் போட்டுது. உள்ளுக்கை ஃபெல்ற் துணி வச்சிருக்கிறன், இனிக் காத்து வராது."

"அண்ணை அஞ்சு மணிக்கு வாறார்" என்றேன்.

"வரமாட்டார். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்." பையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். "நாங்கள் போனால் பக்கத்து மனுசிக்கு ஆர் சிம்னி பாக்கிறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா அடியுங்கோ" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன். அவர் வெளியிலிருந்து திருகினார். கூடம் முழுக்க, மாடிப்படி வரை, பின்பக்கத்து இருட்டுப் படிக்கட்டு வரை அது கேட்டது. நான் உடனே திறக்கவில்லை. கால் பெருவிரலைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் முழுவதும் அடங்கும் வரை நின்றேன்.

"திறவுமப்பா, குளிருது" என்றார் அவர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வீட்டுக்காரி நான் போய்க் கதவைத் திறந்தேன்.